நாங்கள் மாலைதீவுக்காரர்களாக இருந்த ஒரு பின்னேரம்

கல்யாணப் பேச்சு நடக்கிற காலத்தில் ஓர் ஆண்பிள்ளை செய்யக்கூடிய மிகப் புத்திசாலித்தனமான காரியம் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். வீட்டில் இருக்கலாம். சாப்பிடலாம். பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டு வரலாம். யாராவது ஏதாவது பொறுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால், வயிறு சரியில்லை என்று சொல்லிப் படுத்துவிடலாம். வயிற்றுவலிக்காரனுக்குப் பெண் கொடுத்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பொறுப்பை எடுத்துக் குழப்பியடித்தவனுக்குக் கொடுத்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்த உண்மை எனக்கு அந்த வயதில் தெரியாது. அப்போது நான் பள்ளிவாசல்துறையில் சின்னதாக ஒரு போட்டோகொப்பிக் கடை வைத்திருந்தேன். கற்பிட்டி மீரான் ஹாஜியாருடைய மகள் சுமையாவை எனக்குப் பேசியிருந்தார்கள். பேசியிருந்தார்கள் என்றால், எங்கள் பக்கம் பேசி முடித்துவிட்டது. அந்தப் பக்கம் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. சுமையாவுக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்று அவளுடைய கூட்டாளி வழியாக என் தங்கச்சிக்குத் தெரியும். தங்கச்சி வழியாக எனக்கும் எங்கள் தெருவுக்கும் தெரியும். யோசித்துக்கொண்டிருந்தது ஹாஜியார் மட்டும்தான்.

மீரான் ஹாஜியார் கருவாட்டு வியாபாரி. வாலிபத்தில் எங்கள் கரையெல்லாம் பேர்போன கோல்கீப்பர். வலக்கையில் இரண்டு விரல்கள் கோணியிருக்கும். எந்த விரல் எந்த மெச்சில் உடைந்தது என்று கேட்டால் சொல்வார். கேட்காவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் வாயிலிருந்து அதிகமாக வருவது 'ம்' என்ற ஒற்றை எழுத்துத்தான். அதற்கு ஏழெட்டு அர்த்தம் உண்டு என்று அவருடைய மனைவி சொல்வார். எனக்கு ஒன்றுகூடப் பிடிபட்டதில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் இலங்கைக்கும் மாலைதீவுக்கும் கொழும்பில் நட்புறவுக் கால்பந்துப் போட்டி என்று அறிவித்தார்கள்.

நாட்டில் மற்ற இடங்களில் எல்லாம் கிரிக்கெட். எங்கள் கரையில் பந்தடி. மாலைதீவு ஒரு கையளவு நாடு. ஆனால் பந்து என்று வந்துவிட்டால் எங்களுக்குப் பல தடவை தண்ணி காட்டிய நாடு. அதனால் அறிவிப்பு வந்த நாளிலிருந்து பள்ளிவாசல்துறையில் வேறு கதையே இல்லை. வலை இழுக்கிற இடத்தில் அதே கதை, முடி வெட்டுகிற இடத்தில் அதே கதை. (முடி வெட்டுகிற இடத்தில் அந்தக் கதை கொஞ்சம் ஆபத்தானது. பெனல்டி எப்படி அடிப்பது என்று கத்தரிக்கோலோடு காட்டினார்கள்.)

தேத்தண்ணிக் கடையில் என் கூட்டாளி அஸ்மி ஒரு சந்தேகத்தைக் கிளப்பினான்.

"நட்புறவுப் போட்டி என்டா என்ன மச்சான்? மெதுவா அடிக்கிறதா?"

"அடிக்கிற அடி அதேதான்," என்றேன். "அடிச்சிட்டுக் கை குடுக்கணும்."

"அப்ப பஸ் ஒன்டு புடிச்சி ஊரோட போவமே. ஆரு பொறுப்பு எடுக்கிற?"

அந்த இடத்தில் என் வயிறு வலித்திருக்க வேண்டும். வலிக்கவில்லை. காரணம், மூலைக் கதிரையில் மீரான் ஹாஜியார் உட்கார்ந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். கருவாடு ஏற்ற வந்தவர்.

"நான் எடுக்கிறன்," என்றேன், கடைக்கு வெளியே போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "பஸ், டிக்கட், சாப்பாடு, எல்லாம் நான் பாத்துக்கொள்றன். ஆளுக்கொரு ஜேர்சியும் அடிப்பம். நம்மட டீம் ஜேர்சி, முதுகில அவங்கவங்க பேரு."

ஹாஜியார் கோப்பையை வைத்தார். என்னைப் பார்த்தார்.

"நானும் வாறன்," என்றார்.

அன்று வீட்டில் உம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "மனிசன் மெச் பாக்கவா வாறாரு? ஒன்னப் பாக்க வாறாரு. பஸ்ஸ ஒழுங்காக் கொண்டுபோய்க் கொண்டுவரத் தெரியாதவனுக்குப் பொண்ண எப்படிக் குடுக்கிற என்டு பாக்கப் போறாரு."

பஸ் கிடைத்தது. டிக்கட்டும் கிடைத்தது. உடப்பிலிருந்து செல்வம் அண்ணன் தவிலோடு வருவதாகச் சொல்லிவிட்டார். அவர் கடல்தொழில்காரர், திருவிழாக் காலத்தில் கோயிலில் தவில் வாசிப்பவர். எல்லாம் நான் பயந்ததைவிட நன்றாகவே நடந்தது. மிஞ்சியது ஜேர்சி மட்டும்.

ஜேர்சி அடிப்பவர் சிலாபத்தில் இருந்தார். சிங்களவர், நல்ல மனிதர். அவருக்கு மெச் போஸ்டரை போனில் அனுப்பினேன். போஸ்டரில் இரண்டு வீரர்கள். இடப்பக்கம் நீல ஜேர்சியில் நம்முடைய ஆள், வலப்பக்கம் சிவப்பு ஜேர்சியில் மாலைதீவுக்காரர். 'நீலம்' என்று ஒரு சொல்லில் நான் முடித்திருக்கலாம். சிங்களத்தில்கூட அது 'நில்' தான். ஒரு குழந்தைக்கும் விளங்கும். ஆனால் என் சிங்களம் அவ்வளவு எளிய சிங்களம் இல்லை. பஸ் கொண்டக்டர்கள் கத்துவதைக் கேட்டே முழுதாகப் படித்த சிங்களம். அதை வைத்துக்கொண்டு ஒரு சொல்லோடு நிற்க மனம் வருமா? போஸ்டரில் 'தகுணு பெத்த'வில் நிற்கிறவருடைய ஜேர்சி மாதிரியே வேண்டும் என்றேன்.

'பெத்த' என்றால் பக்கம். 'வம' என்றால் இடம். 'தகுண' என்றால் வலம். இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு எனக்கு அது நேர்மாறாகப் பதிந்திருந்தது.

அந்த நல்ல மனிதர் கொஞ்சம் தயங்கி, நிச்சயமா தம்பி என்று கேட்டார். "தகுணு பெத்த? ஷுவர்த, மல்லி?"

"ஷுவர், ஐயே!" என்றேன். வாழ்க்கையில் எதைப் பற்றியும் நான் அவ்வளவு உறுதியாக இருந்ததில்லை.

மெச் ஒரு சனிக்கிழமை பின்னேரம். நாங்கள் காலையிலேயே புறப்பட்டோம். ஹாஜியார் வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாக வந்து முன் சீற்றில், டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த எனக்குச் சரியாகப் பின்னால், உட்கார்ந்தார். சிலாபத்தில் பஸ்ஸை நிறுத்த இடமில்லை. பின்னால் லொறிகள் ஹோன் அடிக்க, ஜேர்சிப் பெட்டிகளை யன்னல் வழியாக உள்ளே தள்ளினார்கள். நீர்கொழும்பில் லுஹர் தொழுதுவிட்டு, உடுப்பு மாற்றுவதற்காகப் பள்ளிக்கு வெளியே பெட்டியைத் திறந்தேன்.

சிவப்பு.

முதல் ஜேர்சியைத் தூக்கிப் பார்த்தேன், இரண்டாவதைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் நீலம் இருக்கும் என்று பெட்டியின் அடிவரைக்கும் கையை விட்டேன். அடியிலும் சிவப்பு. என் காது இரண்டும் அதைவிடச் சிவப்பு.

அஸ்மி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். (அஸ்மிக்கு ஐரோப்பாவில் உள்ள அத்தனை கழகங்களின் ஜேர்சியும் மனப்பாடம். போன வருடம் என்ன நிறம், முந்தின வருடம் என்ன நிறம் என்று சொல்வான். சொந்த நாட்டு ஜேர்சி மட்டும் அவனுக்குத் தெரியாது.)

"நல்லா இரிக்கே மச்சான்! இது நம்மட ரெண்டாவது ஜேர்சியா?"

ஹாஜியார் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"ஓம்," என்றேன்.

"போஸ்டர்ல நீலம் போல இருந்துதே தம்பி?" என்றார் செல்வம் அண்ணன்.

"அது பழைய படம், அண்ணன்."

ஒரு பொய்க்கு ஆயுள் எவ்வளவு என்று எனக்கு அப்போது கணக்குத் தெரிந்திருந்தது. இரண்டு அணியும் மைதானத்துக்குள் வருகிற வரை. அதற்குள் ஏதாவது நடக்கும் என்று நம்பினேன். மழை வரலாம், பஸ் பழுதாகலாம், மாலைதீவுக்காரர்களுக்குத் திடீரென்று நீலம் பிடித்துப் போகலாம். எல்லாரும் ஜேர்சியைப் போட்டார்கள். ஹாஜியாரும் வெள்ளைச் சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டார். முதுகில் 'ஹாஜியார்', அதற்குக் கீழே கோல்கீப்பரின் ஒன்றாம் இலக்கம். திரும்பித் திரும்பிப் பார்க்க முயன்றார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

மழை வரவில்லை. பஸ் பழுதாகவும் இல்லை. மைதானத்து வாசலில் ஒரு பொலிஸ்காரர் எங்கள் சிவப்பு ஊர்வலத்தைக் கண்டதும் கையை நீட்டி மறித்து, மறுபக்கத்தைக் காட்டினார்.

"மோல்டிவ்ஸ்? திஸ் சைட், திஸ் சைட்."

நான் முன்னால் பாய்ந்தேன். "நே, சேர்! அபி புத்தளமே!" நாங்கள் புத்தளம் என்று என்னுடைய நல்ல சிங்களத்தில் அழுத்திச் சொன்னேன்.

பொலிஸ்காரரின் முகம் மலர்ந்தது. என் தோளில் தட்டினார். "ஷா! ஹொந்தட்ட சிங்ஹல கதா கரனவா நே!"

வெளிநாட்டுக்காரன் ஆனாலும் என்ன அழகாகச் சிங்களம் கதைக்கிறான் என்று மெச்சுகிறார்! நான் மேற்கொண்டு விளக்க விளக்க, அவருக்கு என் மேல் மதிப்புக் கூடிக்கொண்டே போனது. கடைசியில் பக்கத்துப் பொலிஸ்காரரையும் கூப்பிட்டு என்னைக் கதைக்கச் சொல்லிக் காட்டினார். அதற்குள் பின்னாலிருந்த சனம் தள்ள, நாங்கள் எல்லாரும் மாலைதீவு ரசிகர்களின் பகுதிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

உள்ளே எங்களுக்குக் கிடைத்த வரவேற்பு, சொந்தக் கல்யாணத்தில்கூட எனக்குக் கிடைக்கவில்லை. "அஸ்ஸலாமு அலைக்கும்! அஸ்ஸலாமு அலைக்கும்!" என்று வரிசையாகக் கட்டிப்பிடித்தார்கள். தவிலைக் கண்டதும் அவர்களுக்குத் தலைகால் தெரியவில்லை. செல்வம் அண்ணனை நடுவில் இருத்தி, கழுத்தில் அவர்கள் நாட்டுக் கொடியைப் போர்த்திவிட்டார்கள். ஹாஜியாருக்கு ஒரு பெரியவர் எழுந்து பக்கத்தில் இடம் கொடுத்தார். எங்கள் ஆட்களுக்கு எல்லாம் நல்ல சந்தோஷம்.

"கொழும்பாக்கள் இப்படி மரியாதையா இரிப்பாங்க என்டு நான் நெனைக்கவே இல்ல," என்றான் அஸ்மி.

அப்போதுதான் இரண்டு அணியும் மைதானத்துக்குள் வந்தன. மைக்கில் பெயர் சொன்னார்கள். இலங்கை நீலத்தில். மாலைதீவு சிவப்பில்.

பள்ளிவாசல்துறையும் கற்பிட்டியும் உடப்பும் ஒன்றாகக் குனிந்து தங்கள் நெஞ்சைப் பார்த்தன. பிறகு ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. கடைசியாகத் திரும்பியது ஹாஜியாருடையது.

"மகன், நம்மட டீம் எது?"

"நீலம், ஹாஜியார்."

"அப்ப நாம?"

"சிவப்பு, ஹாஜியார்."

"ம்," என்றார்.

அந்த 'ம்'முக்கு மட்டும் எனக்கு அர்த்தம் விளங்கியது.

தேசிய கீதம் பாடினார்கள். மாலைதீவுக் கீதத்துக்கும் ஹாஜியார் எழுந்து, மரியாதைக்காகக் கண்ணை மூடி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தொலைக்காட்சிக் கமரா அந்த நேரம் பார்த்து வந்து அவர் முகத்தில் நின்றுவிட்டது. வெள்ளைத் தாடி, சிவப்பு ஜேர்சி, மூடிய கண். கமராக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. கற்பிட்டியில் ஹாஜியார் வீட்டில் சுற்றத்தார் எல்லாரும் கூடி மெச் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீதம் முடிந்த கையோடு அவருடைய போன் அடித்தது. அவர் மனைவி. சத்தம் எனக்கே கேட்டது.

"என்னங்க, நீங்க அழுற மாதிரி இரிக்கு! அது நம்மட கீதம் இல்லயே!"

"வந்து சொல்றன்," என்று ஹாஜியார் போனை வைத்தார்.

முதல் பாதியில் மாலைதீவு ஒரு கோல் போட்டது. எங்களைச் சுற்றி எல்லாரும் குதித்தார்கள். ஹாஜியாரை இரண்டு பேர் இரண்டு பக்கமும் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார்கள். அவருடைய கால் நிலத்தில் படவில்லை. கமரா திரும்பவும் வந்தது. போதாததற்கு, செல்வம் அண்ணன் தவிலை வெளுத்து வாங்கினார்.

"அண்ணன், அவங்கட கோல் அண்ணன்!" என்று கத்தினேன்.

"தெரியும் தம்பி. சனம் ஆடுது, கை சும்மா இருக்குதில்ல!"

இடைவேளையில் நான் ஹாஜியாரின் பக்கம் பார்க்கவே இல்லை. சுமையாவை வேறு யாருக்குப் பேசுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஓரக்கண்ணால் பார்த்தபோது, பக்கத்துப் பெரியவர் ஒரு பொட்டலத்தைத் திறந்து நீட்டுவது தெரிந்தது. மீன் வைத்துப் பொரித்த உருண்டைகள். ஹாஜியார் ஒன்றைக் கடித்தார். மென்றார். நிறுத்தினார். உள்ளே விரலை விட்டு ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார்.

"இது நல்ல மாசி," என்றார் சிங்களத்தில்.

அந்தப் பெரியவர் மாலைதீவிலிருந்து மாசிக் கருவாடு கொண்டுவந்து கொழும்பில் விற்கிறவராம். ஹாஜியாரையும் தன்னைப் போலக் கொழும்பில் ஊறிச் சிங்களம் பழகிப்போன மாலைதீவுக்காரர் என்று நினைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் மெச்சை அரைவாசிதான் பார்த்தார்கள். மிச்ச நேரமெல்லாம் புகை போடுவது, காயவைப்பது, உப்பு. நடுவில் மாலைதீவுக் கோல்கீப்பர் ஒரு பந்தைத் தட்டிவிட்டபோது மட்டும் ஹாஜியார் தலையாட்டினார். "நல்ல பொடியன். ஆனா முன்னுக்கு வந்து நிக்கிறான். ஒரு நாளைக்கு மேலால போகும்."

ஒரு நாள் வரைக்கும் காத்திருக்கத் தேவைப்படவில்லை. மெச் முடிகிற நேரம், நம்முடைய ஆள் தூரத்திலிருந்து உயர்த்தி அடித்த பந்து அந்தக் கோல்கீப்பரின் தலைக்கு மேலால் போய் வலைக்குள் விழுந்தது.

நாங்கள் எல்லாரும் எழுந்து பாய்ந்தோம். யோசிக்கவில்லை. யோசித்துக்கொண்டு யார் பாய்வார்? "கோல்!" என்று ஹாஜியார் இரண்டு கையையும் உயர்த்தினார். செல்வம் அண்ணனின் தவில் இந்த முறை மனசாரப் பேசியது. அஸ்மி பக்கத்தில் இருந்த ஒரு மாலைதீவுக்காரருக்கு முத்தம் கொடுத்துவிட்டான்.

பிறகுதான் கவனித்தோம். அந்தப் பகுதி முழுவதும் அமைதியாக இருந்தது. சிவப்பு ஜேர்சி போட்ட அவ்வளவு பேரும், சிவப்பு ஜேர்சி போட்ட எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தவில் ஒருமாதிரி இழுத்து நின்றது. நான் வாசல் எங்கே என்று பார்த்தேன். தூரத்தில் இருந்தது. சாகப்போகிறவன் மாதிரிக் கலிமாவைச் சொல்லிக்கொண்டேன்.

மாசி வியாபாரியான பெரியவர் மெல்ல எழுந்தார். ஹாஜியாரின் ஜேர்சியைப் பார்த்தார். முதுகுப் பக்கம் போய், விளங்காத எழுத்தைப் பார்த்தார். முன்னால் வந்து முகத்தைப் பார்த்தார்.

"நீங்கள் எந்த ஊர்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"கற்பிட்டி," என்றார் ஹாஜியார்.

பெரியவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அவர்கள் நாட்டில் தீவுக் கூட்டத்துக்கு 'அதோல்' என்று பெயர். "கற்பிட்டி... கற்பிட்டி... அது எந்த அதோலில் இருக்கிறது?"

ஹாஜியார் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருடைய தாடி ஆடியது. கோபத்தில் ஆடுகிறது என்று நினைத்தேன். பிறகு வயிறும் ஆடியது. மீரான் ஹாஜியார் சிரிக்கிறார்! கதிரையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே, "இந்த மாப்புளட்டக் கேளுங்க," என்று தமிழில் சொல்லி என்னைக் காட்டினார்.

நான் நடந்ததையெல்லாம் சிங்களத்தில் சொன்னேன். போஸ்டர், தகுணு பெத்த, சிலாபம், பொலிஸ்காரர் எல்லாவற்றையும். பெரியவர் அதைத் தங்கள் மொழியில் சொல்லச் சொல்ல, சிரிப்பு வரிசை வரிசையாக மேலே ஏறிப் போனது. ஒருவர் என்னைத் தூக்கித் தோளில் வைக்கப் பார்த்தார். (பாரம் காரணமாக இடுப்போடு விட்டுவிட்டார்.) மெச் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக முடிந்தது. இலங்கைக் கால்பந்து வரலாற்றில் ஒரு சமநிலைக்காக அல்லாஹ்வுக்கு அவ்வளவு நன்றி சொன்னவன் நானாகத்தான் இருப்பேன். எந்தப் பக்கம் வென்றிருந்தாலும் எங்கே பார்த்துக் குதிப்பது என்று எங்களுக்குத் தெரிந்திருக்காது.

திரும்பும் வழியில் மஃரிப் தொழுதுவிட்டு ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். நான் தள்ளிப் போய் பஸ்ஸின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாஜியார் கோப்பையோடு வந்தார். ஜேர்சியைக் கழற்றவில்லை.

"சிங்களத்தில இடது பக்கத்துக்கு என்ன சொல்ற?"

"வம, ஹாஜியார்."

"வலதுக்கு?"

"தகுண."

"நல்லாத் தெரியுமா?"

"இப்ப நல்லாத் தெரியும்."

"ம்," என்றார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "நிக்காஹ் அன்டைக்கு வாகனத்த நீங்க ஓட்ட வேணாம். ஆள் வெச்சிக்கொள்ளுவம்."

அவர் போய் பஸ்ஸில் ஏறிவிட்டார். எனக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியபோது டயரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டேன். டிரைவர் ஓடி வந்து, "என்ன, காத்துப் போயிட்டா?" என்றார்.

"ஓம் நானா," என்றேன். "இப்பத்தான் போனது."

மூன்று மாதத்தில் நிக்காஹ் முடிந்தது. மாசிப் பெரியவர் கொழும்பிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு, எனக்கு மாமாவாகிவிட்ட ஹாஜியாரும் அவரும் சேர்ந்து வியாபாரம் செய்ய ஆரம்பித்தார்கள். மெச்சைத் தொலைக்காட்சியில் பார்த்த கற்பிட்டி, மாமாவுக்கு 'மாலைதீவு ஹாஜியார்' என்று பெயர் வைத்துவிட்டது. இப்போது மீரான் ஹாஜியார் வீடு எது என்று கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது. மாலைதீவு ஹாஜியார் வீடு என்று கேட்டால் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுவார்கள்.

போன மாதம் என் மகளின் பாலர் பாடசாலையில் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். குடும்பத்தைப் பற்றிப் பிள்ளைகளைக் கதைக்க விட்டார்களாம். என் மகள் எழுந்து, உம்மாவின் வாப்பாவான தன்னுடைய மூத்தாப்பா மாலைதீவுக்காரர் என்றும், மெச் பார்க்க வந்த இடத்தில் வாப்பாவுக்குப் பொண்ணு குடுத்துவிட்டார் என்றும் சொல்லியிருக்கிறாள்.

"மெய்தானா?" என்று டீச்சர் கேட்டார்.

முழுக் கதையையும் விளக்க வேண்டும் என்றால் ஜேர்சியிலிருந்து தொடங்க வேண்டும். வெளியே வெயில் கொளுத்தியது. மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஓம் டீச்சர்," என்றேன். "மெய்தான்."